கழிவு ஃபைலில் நாற்பத்து மூன்று

இரவு ஒன்பது ஐம்பது. மூடிப்போன கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்னால் போகிற சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். விளக்குக் கம்பங்கள் பதினொன்று... எரிவது ஒன்று. அதுவும் எரியலாமா, விட்டுவிடலாமா என்று யோசித்து யோசித்து எரியும்.

அந்தச் சாலையில் ஒருவன் சைக்கிளில் வருகிறான்.

யார் என்று கேட்பீர்கள். நம் கணக்கர் இருக்கிறாரே, அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்குக் கூட்டாளி. 'இவ்வளவு சுற்றிவளைத்த உறவா, அப்போ புளுகுதான்' என்று அந்த மூலையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, நெருங்கிய உறவாக இருந்திருந்தால் இந்நேரம் சொல்கிறவன் போர்வைக்குள் இருந்திருப்பான். இப்போதும் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறான், பார்த்தீர்களா? வீரம் அவ்வளவுதான். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

சைக்கிளில் வருகிறவனுக்குப் பகலில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாலாவது மாடியில் லிஃப்ட் முனகினால், கீழே நின்றபடியே எந்த உருளைக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவான். அதனால் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் காது. "காது வந்தாச்சா?", "காது சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலங்களில் வேறொரு பிழைப்பு. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் கழுவி, டிஸ்க்கில் போட்டுத் தருவது.

அன்றைக்கும் சட்டைப் பையில் ஒரு கேசட்.

சாலை முழுக்கப் பள்ளம். சைக்கிள் குதிக்கும்போதெல்லாம் பைக்குள் கேசட் 'டக்' என்றது. உள்ளே நாடா தளர்ந்திருக்கிறது, சக்கரம் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான். அந்த ஒற்றை விளக்குக்கு அடியில் சங்கிலி கழன்றது. இறங்கினான், குனிந்தான். சைக்கிள் அசையவில்லை... அவனும் அசையவில்லை...

டக்.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். 'என்னப்பா, நம்ம சாமானே ரிப்பேருக்கு வந்துடுச்சா?' என்று தனக்குத்தானே சிரித்தான். அப்போதுதான் அந்த வாசனை. எண்ணெய். லிஃப்ட்டுக்குப் போடுகிற கெட்டி எண்ணெய் இல்லை. இது மெல்லியது. தையல் மெஷினுக்கு விடுவது.

சங்கிலியை மாட்டிய வேகத்தில் கை இரண்டும் கறுப்பு. துடைக்காமலே ஏறி மிதித்தான்.

கேசட் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காதுக்கு ஒரே தங்கை. முப்பத்தாறு வயது, மருந்துக் கடையில் வேலை, வாயில் கத்தரிக்கோல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனுக்குத் தங்கை, தங்கைக்கு அண்ணன் என்று ஒரு மாடி அறையும் கீழே ஒரு சமையலறையுமாகக் காலம் ஓடியது. 'இனி எனக்கு எங்கே' என்று அவளே விட்டுவிட்ட வயதில் வந்து சேர்ந்தது ஒரு சம்பந்தம். தையல்காரர். நாற்பத்தைந்து வயது. காதுக்குப் பின்னால் எப்போதும் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி. ஈ உட்கார்ந்தால்கூட அதற்கு வலிக்காத மாதிரி பேசுவார். முதல் மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் படியில் விழுந்து இறந்துபோனாள். பிள்ளை இல்லை. எட்டு நாளில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து.

குடிபோகப் போகிற வீடு என்று அவருடைய அறைகளை ஒழுங்குபடுத்தப் போனபோது, பட்டன் போட்டுவைக்கிற இழுப்பறைக்குள் தங்கைக்குக் கிடைத்தது இந்தக் கேசட்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் கழுவிக் குடு" என்றாள் சாயங்காலம், மருந்துக் கடை வாசலில்.

"என்னடி இது?"

"அக்காவோட குரல்."

இறந்துபோனவளைத்தான் அக்கா என்றாள். ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அக்கா.

"அவங்க அண்ணன் வெளிநாட்டுல இருந்தாராம். கடுதாசிக்குப் பதிலா பேசி அனுப்பியிருக்காங்க. போட்டுப் பாத்தேன், ஒரே மெஷின் சத்தம். அதை மட்டும் எடுத்துடு. கல்யாணத்தன்னிக்கு டிஸ்க்கா குடுத்தா மனுஷன் அழுதுடுவாரு."

"புதுப் பொண்டாட்டி குடுக்கற பரிசு பழைய பொண்டாட்டியா? எவளுக்குடி வரும் இந்த மனசு?"

"எனக்கு வரும். அவருக்குத் தெரியக் கூடாது, நாளைக்கே திருப்பி இழுப்பறையில வெச்சுடணும். பேசாம வேலையைப் பாரு."

அவ்வளவுதான். அண்ணன்காரன் உருகிப்போனான். அதை மறைக்க, 'டிஸ்க்குக்குக் காசு யாரு தருவா?' என்று ஒரு சிரிப்பு. எல்லா அண்ணன்களும் செய்கிற அசட்டுத்தனம்.

வீட்டுக்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்தான். கேசட் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். பாட்டோ பேச்சோ ஓட ஓட, திரையில் சத்தம் மலை மலையாக விழும். பெரிய சத்தம் பெரிய மலை, சின்னது குன்று.

முதல் பக்கம். அரை மணி நேரம். முழுக்கத் தையல் மெஷின், கடகடவென்று, மூச்சு விடாமல். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பெண் குரல். "அண்ணே... நல்லா இருக்கேன்..." அவ்வளவுதான் பிடிபட்டது.

திருப்பிப் போட்டான். மறுபக்கத்தில் அந்த அண்ணனுடைய பதில். அதே கேசட்டில் பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அது துல்லியம். "தங்கச்சி, உன் பேச்சு பாதி புரியல, பரவாயில்லை. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு பாரு, அது கேட்டதே எனக்குப் போதும். மாப்பிள்ளைக்குத் தொழில் ஓகோன்னு போகுதுன்னு தெரிஞ்சுது. இங்க எல்லார்கிட்டயும் போட்டுக் காட்டினேன்..."

காது சிரித்துக்கொண்டான். நல்ல மனுஷன் போல, இந்த அண்ணன் என்று.

இரண்டு பக்கத்தையும் ஏற்றியாயிற்று. காலையில் கேசட்டை வாங்கிக்கொண்டு போய்த் தங்கை பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் கழுவ உட்கார்ந்தான். கழுவுவது என்றால், முதலில் கம்ப்யூட்டருக்கு அழுக்கைக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அவள் பேசத் தொடங்குவதற்கு முன் ஐந்து நொடி வெறும் மெஷின் சத்தம் இருந்தது. அதைக் காட்டி, 'இதுதான் அழுக்கு, இது எங்கெங்கே இருக்கிறதோ எடு' என்றான். அரைத்தது, அரைத்தது... நாலு நிமிஷம். மெஷின் போய்விட்டது.

எழுந்து வந்தாள் அந்தப் பெண். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. "அண்ணே, எப்படி இருக்க? நான் நல்லா இருக்கேன். அவரும் நல்லா இருக்கார். புது மெஷின் வாங்கியிருக்கோம்..." பேச்சில் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் இன்னும் ஒரு அழுக்கு பாக்கி. அங்கங்கே ஒரு சத்தம். தொப்... சில இடத்தில் சளார்... யாரோ மேஜையை இடித்திருக்கிறார்கள், துணிக் கட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். இதை மொத்தமாகக் கழுவ முடியாது, ஒவ்வொன்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தான். நாற்பத்து மூன்று.

வெட்டத் தொடங்கினான். வேலை சுலபமாக இருந்தது, வெண்ணெய் மாதிரி. ஏனென்றால் ஒவ்வொரு சத்தத்துக்கும் சரியாக ஒரு நொடி முன்னால் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒரு சொல்கூடச் சத்தத்தில் மாட்டவில்லை. 'என்ன அருமையான பொம்பளை, வெட்டுறவனுக்கு வசதியா பேசியிருக்கு!' என்று மெச்சிக்கொண்டான். முட்டாள்... பாவம். வெட்டிய இடங்களை ஒட்டினான். பின்னால் யாரோ ஒரு ஆள் கிசுகிசுத்தது ஆரம்பத்தில் ஒரு இடத்தில் லேசாகக் கேட்டது. அதையும் வெட்டினான். இப்போது அரை மணிப் பேச்சு, ஒரு கரகரப்புகூட இல்லாமல், சிரித்துச் சிரித்து ஓடியது. பழைய ஏற்றத்தின் மேலேயே சேமித்தான். அவனுடைய கம்ப்யூட்டர் வயதானது, இரண்டு பிரதி வைக்க வயிற்றில் இடம் கிடையாது.

ஆனால் ஒரு பழக்கம் இருந்தது அவனுக்கு. வெட்டியதைத் தூக்கி எறிய மாட்டான். எல்லாத் துண்டையும் வரிசையாக ஒரு தனி ஃபைலில் ஒட்டிவைப்பான். பெயர் 'கழிவு'. கடைசியில் அதை ஒருமுறை கேட்பான், அவசரத்தில் குரலும் சேர்ந்து போய்விட்டதா என்று பார்க்க. இன்றைய கழிவு இரண்டு நிமிஷம்கூட இல்லை. வெறும் நாற்பத்து மூன்று சத்தம், ஒரு கிசுகிசுப்பு. பெண் குரல் ஒரு மூச்சுகூட இல்லை.

யாரது, கதவில் விரலால் தாளம் போடுவது? வேண்டாம் தம்பி. கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்ஃபோனை மாட்டினான். கழிவை ஓட்டினான்.

முதலில் கிசுகிசுப்பு. மெஷின் இல்லை, அவள் பேச்சு இல்லை, இப்போது அது நன்றாகவே கேட்டது. ஈக்கு வலிக்காத அந்தக் குரல்.

"சிரிச்சுப் பேசு."

காதுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. எதற்கு மெஷின் அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஓடியது... துணி மாற்றக்கூட நிற்காமல். ஏன் அவள் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி முன்னால் பேச்சை நிறுத்தினாள்... கை ஓங்குவதைப் பார்த்தவள்தானே நிறுத்துவாள்...

தொப்.

தாடையில் விழுந்தது. காதில் இல்லை... தாடையில். நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். அறையில் யாரும் இல்லை. வாயில் இரும்பு ருசி. எழுவதற்குள் இரண்டாவது, விலாவில். உள்ளே ஏதோ ஒடிந்த சத்தத்தை அவனுடைய காதே அவனுக்குச் சொன்னது. மூன்றாவது முதுகில், சளார் என்று நீளமாக. அலறக்கூட மூச்சு இல்லை. தரையில் உருண்டு ஒயரைப் பிடித்து இழுத்தான். ஹெட்ஃபோன் தெறித்தது. சத்தம் நின்றது.

அடியும் நின்றது.

சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தான். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்புப் பட்டை. பட்டையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள், ஒரே இடைவெளியில். ஒன்று, இரண்டு, மூன்று... இஞ்சு இஞ்சாக. துணி அளக்கிற மரக்கட்டை பதிந்திருந்தது.

காலையில் சமையலறையில் தங்கையிடம் சொன்னான். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வார்த்தை குழறிக் குழறி வந்தது.

"யார்கிட்ட அடி வாங்கின? லிஃப்ட் திருப்பி அடிச்சுதா?"

"விளையாடாதடி. அந்தாளு அவளை அடிச்சிருக்கான். அடிக்கற சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு மெஷினைச் சும்மா ஓடவிட்டிருக்கான். எனக்கென்னவோ அவ படியில விழலைன்னு தோணுது."

சிரிப்பு நின்றது அவளுக்கு. "எங்க, போட்டுக் காட்டு."

போட்டான், கழுவிய பேச்சை. அப்போதுதான் அவனுக்குத் தன் வேலையின் லட்சணம் உறைத்தது. ஒரு அடி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. சந்தோஷமான ஒரு பெண் தன் அண்ணனோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தையல்காரன் மெஷின் ஓட்டி மறைத்ததை இவன் இன்னும் சுத்தமாக மறைத்திருந்தான். சாட்சி முழுக்கக் கழிவில் கிடந்தது. கழிவைப் போட்டால் கேட்கிறவள் மேல் விழும்.

"இதுலயா அடி? எவ்வளவு சந்தோஷமா பேசறாங்க!"

"வெட்டி எடுத்துட்டேன்... அது வேற ஃபைல்ல இருக்கு."

"அதைப் போடு."

"போட மாட்டேன். அதைக் கேட்டா அடிபடும்."

தங்கை அவனை நிதானமாகப் பார்த்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நான் போயிட்டா உனக்கு டீ போட்டுத் தர ஆள் இல்ல, துணி மடிக்க ஆள் இல்ல. அதான?"

"அப்படியாடி நெனைக்கற?"

"முப்பத்தாறு வயசுல ஒருத்தர் என்னை வேணும்னு கேட்டிருக்கார். நீ பேய்க் கதை சொல்ற." கண் கலங்கியிருந்தது, குரல் இல்லை. "அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

"கேக்காத! சத்தியமா கேக்காத..."

கேட்டாள். அவள் அப்படி. வயிற்றில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு வந்தார் தையல்காரர். வெயில் கொளுத்துகிற நேரம். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? தேய்த்த வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் சாக்குக்கட்டி, கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம்.

"மச்சானுக்குக் கல்யாணச் சட்டை நானே தைக்கப்போறேன். அளவெடுக்க வந்தேன்" என்றார். தங்கையிடம், "ஒரு டீ கிடைக்குமா? அவசரமில்ல, மெதுவா போடு" என்றார். அவள் முகம் பூவாக மலர்ந்தது. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

மாடி அறைக்குள் வந்ததும் கதவை உள்பக்கம் தாழிட்டார். பொட்டலத்தைப் பிரித்தார். மரக்கட்டை. ஓரமெல்லாம் இஞ்சுக் கோடு.

"திரும்பி நில்லுங்க மச்சான்." தோளை அளந்தார். கையை அளந்தார். மூச்சு கழுத்தில் பட்டது. "என்னமோ கேட்டீங்களாமே."

காதின் கண் தாழ்ப்பாளுக்குப் போனது.

"கேசட்டைத் தீ வெச்சுட்டேன். இன்னும் எங்க இருக்கு? இந்தப் பெட்டிக்குள்ளயா?" கழுத்தை அளந்தார், நிதானமாக. "உங்க தங்கச்சி நல்ல பொண்ணு. சொன்னா கேட்டுக்கும்னு நெனைக்கறேன். அவளும் அப்படித்தான் இருந்தா, மொதல்ல."

"மாப்பிள்ளை, கல்யாணம் நடக்காது" என்றான் காது. அவன் ஒன்றும் சண்டைக்காரன் இல்லை. கரப்பான்பூச்சியைக்கூட விளக்குமாற்றால் வழி காட்டி அனுப்பிவைக்கிற ரகம்.

தையல்காரர் பெருமூச்சு விட்டார். "சத்தமா ஏதாவது போடுங்க மச்சான். பக்கத்து வீட்டுல இருக்கறவங்க நல்லவங்க. அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

சொல்லி முடிக்கவில்லை, கட்டை இறங்கியது. பழைய பட்டையின் மேலேயே விழுந்தது. முழங்காலில் மடிந்தான். இரண்டாவது அடி கைவிரலில். மூன்றாவதற்குத் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். மூக்கு நொறுங்கியது. ரத்தம் கீபோர்டு மேல் கொட்டியது. அத்தனைக்கும் மனுஷர் குரல் ஒரு படிகூட உயரவில்லை.

"போடுங்கன்னு சொன்னேன்ல?"

காது திரையைப் பார்த்தான். 'கழிவு' என்ற எழுத்து ரத்தத்துக்கு நடுவில் தெரிந்தது. ஹெட்ஃபோன் ஒயர் அறுந்து கிடந்தது. ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். ஸ்பீக்கர் என்றால் தனக்கும் சேர்த்து விழும், பரவாயில்லை. ஆனால் அந்தக் கதவு மெல்லியது. தங்கை டீயோடு ஏறி வருகிற நேரம்... அவள் காதிலும் விழுமே. ஒரு நொடி யோசித்தான். ஒரு மத்தியானம் நாற்பத்து மூன்று... இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க.

அழுத்தினான்.

"இன்னும் சத்தமா" என்றார் தையல்காரர்.

முழுக்க ஏற்றினான். தலைமேல் கையை வைத்துச் சுருண்டு படுத்தான்.

"சிரிச்சுப் பேசு" என்றது ஸ்பீக்கர், அவர் குரலில்.

தொப்.

அவன் மேல் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். தையல்காரர் சுவரோரம் கிடந்தார். தாடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவருக்குப் புரியவில்லை, யாரென்று சுற்றிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே... சட்டென்று அசைவை நிறுத்தினார். எதையோ கண்டவர்போல. சரியாக ஒரு நொடி.

தொப். விலா.

சளார். வெள்ளைச் சட்டை நீளவாக்கில் கிழிந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

நாலு, ஐந்து, ஆறு. கதவுப் பக்கம் தவழ்ந்தார். காலைப் பிடித்து யாரோ இழுத்ததுபோல் நடு அறைக்கு வந்தார். கட்டையை எடுத்துக் காற்றில் வீசினார். அந்தக் கை முழங்கையில் தப்புப் பக்கமாக மடிந்தது. பதினொன்று, பன்னிரண்டு. சட்டைப் பட்டன்கள் தெறித்து உருண்டன. பதினெட்டாவது அடியோடு முன்பல் போனது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நொடி முன்னால் அவர் உறைந்தார், கண் அகல. வருவது தெரிந்தது அவருக்கு. அவருக்கு மட்டும்.

காது ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். அவனுக்கு மனசு இளகியதும் நிஜம். இருபத்தைந்தில் கையை நீட்டவும் செய்தான். அப்போது தையல்காரருடைய உடைந்த வாய் விரிந்தது, ஓரங்கள் இரண்டும் மேலே ஏறின. சிரித்தார். ரத்தம் வழிய வழிய, குழறிக் குழறி ஒரு பேச்சு வந்தது.

"நல்லா... இருக்கேன்... புது மெஷின்... வாங்கியிருக்கோம்..."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து எண்ணினான். முப்பது. முப்பத்தாறு. நாற்பத்து மூன்று.

நிசப்தம்.

கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும். பிறகு தரையிலிருந்து இன்னொரு மூச்சு, சளசளவென்று. ஆள் சாகவில்லை.

தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தான். படியின் உச்சியில் தங்கை நின்றிருந்தாள். டீத்தட்டு காலடியில். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. ரொம்ப நேரமாக நிற்கிறாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? அடி... அடி ஏதாவது பட்டுதா?" கன்னம், தோள், முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தான். கீறல்கூட இல்லை. குழந்தை மாதிரி அழுதுவிட்டான்.

"கதவைத் தட்டினேன்ணே" என்றாள். "எவ்வளவு தட்டினேன். நீ திறக்கவே இல்ல."

உள்ளே எட்டிப் பார்த்தாள். அலறவில்லை. எதுவும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிய பையன் எப்படி ஆச்சு என்று கேட்டான். "படியில விழுந்துட்டார்" என்று காதின் வாயிலிருந்து தானாக வந்தது. எழுதிக்கொண்டார்கள். கேள்வி இல்லை. படியில் விழுந்தவர்களைப் பற்றி எந்த ஊரிலும் யாரும் அதிகம் கேட்பதில்லை. தையல்காரர் பிழைத்துக்கொண்டார் என்று சொல்லலாம், பிழைப்பு என்பதற்கு நீங்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச்சு வரவில்லை.

அன்று இரவு அண்ணனும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மூக்கில் பஞ்சு. அவள் வலது கையை மடியில், முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான். காட்டு என்றான். மெதுவாகக் காட்டினாள்.

விரல் முட்டிகள் நாலும் தோல் உரிந்து, வீங்கி, கறுத்திருந்தன. கதவைத் தட்டிய கை. ஆனால் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது... அவன் காது. நாலு மாடிக்கு அப்பால் முனகுவதும் கேட்கிற காது. அந்த மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

வெந்நீர் வைத்தான். மருந்துக் கடைக்காரிக்கு அண்ணன் காயம் கழுவினான். நடுவிரல் முட்டிக்குக் கீழே சதைக்குள் வெள்ளையாக ஏதோ புதைந்திருந்தது. கதவு மரத்துச் சிலாம்பு என்று நினைத்து இடுக்கியால் பிடித்து இழுத்தான். வந்தது. விளக்கில் காட்டிப் பார்த்தான்.

பாதிப் பல்.

தூக்கிச் சாக்கடையில் போட எழுந்தவனைத் தங்கை இடது கையால் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை ஒரு முறை பார்த்தாள். பிறகு, அவ்வளவு அன்பாக, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்:

"போட்டுடாதண்ணே... அக்கா கேப்பாங்க."